வயலுக்கு வரும் மானியமும் நம் கடைப் பேரேடும்

'மானியம்' என்ற சொல்லைக் கேட்டதும், "அது விவசாயிக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான சமாச்சாரம், வியாபாரிக்கு அதில் என்ன வேலை?" என்று பக்கத்தைப் புரட்டிவிடும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பெருநகரத்தில் கடை வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் அப்படிப் புரட்டிவிடலாம். விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் போன்ற ஊர்களில் மளிகை, எண்ணெய், விதை, உரம், குழாய், மின்சாமான் என்று வியாபாரம் செய்கிற நாம் புரட்டிவிட முடியாது. மண்ணையும் நீரையும் காப்பதற்காக அரசாங்கம் சிறு விவசாயிக்குக் கொடுக்கும் மானியத்தில், நம் கடையின் பணமும் யாரும் எழுதி வைக்காமலே சேர்ந்திருக்கிறது. அந்தக் கணக்கை ஒருமுறை விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வயல் வாடினால் கடை வாடும்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் பொம்மையும் செராமிக் தொழிற்பேட்டையும் நினைவுக்கு வரும். அந்தத் தொழிலில் வரும் கூலியும் நம் கடைகளுக்கு வரத்தான் செய்கிறது. ஆயினும் கம்மாபுரம் வட்டாரத்தில் கடை வியாபாரத்தைத் தூக்கி நிறுத்துவது நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் உளுந்தும் முந்திரியும்தான். விருத்தாசலம் கமிட்டியில் மூட்டை இறங்கினால்தான் நம் கல்லாவில் காசு விழும். இதைப் புதிதாக யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தில் கரையேறியபோது முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஒரு நெல் அறுவடை போனால் அடுத்த பட்டத்தில் ஈடுகட்டலாம். முந்திரி மறுபடி மரமாகிக் காய்க்க வருடங்கள் ஆகும். மரம் போன வீட்டில் பழைய பற்று நிற்கும், புதுப் பற்றும் ஏறும் என்பது கடன் நோட்டு வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த கணக்கு.

புயல் என்பது எப்போதோ வருவது. தண்ணீர்க் கஷ்டமோ ஆண்டுதோறும் மெல்ல மெல்ல வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. பக்கத்திலே நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது என்ற கவலை இந்த வட்டாரத்து விவசாயிகளுக்கு நெடுநாளாகவே உண்டு. காரணம் எதுவாயினும், கிணற்றில் நீர் இறங்க இறங்க, விவசாயியின் கைக்காசு மோட்டாருக்கும் குழாய்க்கும் போகிறது. மளிகைக் கடைக்கு வரவேண்டிய காசுதான் அது.

ஆகவே, இருக்கிற நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுவதும், மழைநீரை மண்ணிலேயே பிடித்து நிறுத்துவதும், மண்ணின் வளம் குன்றாமல் காப்பதும் விவசாயிக்கு எவ்வளவு முக்கியமோ, அவருக்குக் கடன் கொடுக்கும் நமக்கும் அவ்வளவு முக்கியம்.

மானியம் என்பது ஒரு வாரக் கணக்கு

நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது, விளைச்சலில் இருவருக்கும் பங்கு. இதற்கு நம் ஊரில் வாரம் என்று பெயர். மண், நீர்ப் பாதுகாப்புக்கான மானியத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது, மீதியை விவசாயி ஏற்கிறார். யார் எவ்வளவு என்பதில்தான் திட்டத்துக்குத் திட்டம் வித்தியாசம்.

சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனத்தை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் விதிப்படி சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதமும் மற்றவர்களுக்கு 45 சதவீதமும் மானியம். இந்தத் தொகையை மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பங்கிட்டுக்கொள்கின்றன. தமிழக அரசு இதற்கு மேலும் தன் கையிலிருந்து போட்டு, சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமாகவும் மற்றவர்களுக்கு 75 சதவீதமாகவும் உயர்த்தி வழங்கி வருகிறது. வியாபாரி மொழியில் சொன்னால், சிறு விவசாயியின் சொட்டுநீர்க் குழாய்க்கான 100 ரூபாயில் டெல்லியின் பங்கு 33 ரூபாய், சென்னையின் பங்கு 67 ரூபாய். மற்ற விவசாயிக்கு டெல்லி 27, சென்னை 48, அவர் கைப்பணம் 25. இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. நம் கடன் நோட்டில் உள்ள பெயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

மற்ற திட்டங்களில் பங்கு வேறு. 2016-17இல் தொடங்கிய நீடித்த நிலையான மானாவாரி வேளாண்மை இயக்கத்தில், மழைநீர் மண்ணில் இறங்கும்படி உழவு செய்ய ஏக்கருக்கு 500 ரூபாய் கொடுத்தார்கள். 2017இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட குடிமராமத்துத் திட்டத்தில், ஏரி வாய்க்கால் வேலைக்கான செலவில் 10 சதவீதத்தைப் பாசனதாரர்கள் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தரவேண்டும் என்று விதித்தார்கள். 2024-25இல் அறிவிக்கப்பட்ட 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை பாதி விலைக்குக் கிடைக்க வழி செய்தார்கள். தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்குத் தழைச்சத்து சேரும்.

ஏரி, குளங்களின் வண்டல் மண்ணை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. 2024 முதல் இந்த அனுமதியை வட்டாட்சியரே வழங்கலாம் என்று எளிமையாக்கினார்கள். மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு என்பதால், பானையும் அகலும் செய்கிற குடும்பங்களை வாடிக்கையாகக் கொண்ட நம் உறுப்பினர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் வண்டல் இலவசம் என்றாலும் டிராக்டர் வாடகையும் ஏற்று இறக்குக் கூலியும் எடுப்பவர் தலையில்தான்.

நூறு சதவீதத்திலும் மீதி உண்டு

"சொட்டுநீருக்கு முழு மானியம், விவசாயிக்கு ஒரு பைசா செலவில்லை" என்று பேசிக்கொள்கிறோம். அது பாதிதான் உண்மை. நூறு சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்கு நூறு சதவீதம். வயலில் விரிக்கும் குழாய், வடிகட்டி, உரத்தொட்டி போன்றவை அதில் அடங்கும். கிணறும் மோட்டாரும், கிணற்றிலிருந்து வயல் வரைக்கும் வரும் குழாயும் விவசாயியிடம் ஏற்கெனவே இருக்கவேண்டும்.

இந்தக் குறையை நிரப்பத் துணைநிலை நீர் மேலாண்மைப் பணிகள் என்று தனியே ஒரு மானியம் வகுத்தார்கள். நிலத்தடி நீர் பாதுகாப்பாக உள்ள குறுவட்டங்களில் ஆழ்குழாய்க் கிணறு அமைக்க 25,000 ரூபாய். மோட்டாருக்கு 15,000 ரூபாய். தண்ணீர் கொண்டு செல்லும் குழாய்க்கு எக்டேருக்கு 10,000 ரூபாய். தரைநிலை நீர்த்தொட்டிக்குக் கன மீட்டருக்கு 350 ரூபாய் வீதம் 40,000 ரூபாய்க்கு மிகாமல். நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட குறுவட்டங்களில் புதுக் கிணற்றுக்கு மானியம் கிடையாது. அதுவும் நியாயமே. நீரைக் காக்கத் தரும் பணம் நீரை மேலும் உறிஞ்சப் பயன்படக்கூடாது அல்லவா? ஒவ்வோர் ஆண்டும் எந்த இனத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறது என்பது மாறும். ஆகையால் பொருள் வாங்குமுன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இது பின்னேற்பு மானியம். முதலில் விவசாயி முழுப் பணத்தையும் போட்டுப் பொருளை வாங்கிப் பொருத்த வேண்டும். பிறகு பில்லைக் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். சொட்டுநீர் அமைப்பும் வயலில் ஏறியபின் பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

கணக்குக்காக ஒரு உதாரணம் பார்ப்போம். ஓர் எக்டேர் நிலக்காரர் மோட்டாருக்கும் குழாய்க்குமாக 50,000 ரூபாய் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மானியம் மோட்டாருக்கு 15,000, குழாய்க்கு 10,000, ஆக 25,000 ரூபாய். அந்தப் பணம் வந்து சேர ஆறு மாதம் ஆகிறது என்று கொள்வோம். அதுவரை அவர் வீட்டுச் சாமான் மாதம் 4,000 ரூபாய்க்கு நம் கடையில் பற்றாகிறது. ஆறு மாதத்தில் 24,000. அதாவது அரசு பின்னால் தரப்போகிற தொகைக்கு ஏறக்குறைய சமமான தொகையை, மளிகைக் கடைக்காரர் முன்னாலேயே கொடுத்து முடித்துவிட்டார். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை, பயனாளிகள் பட்டியலில் அவர் பெயரும் இல்லை.

டெல்லியின் பங்கு, சென்னையின் பங்கு, விவசாயியின் பங்கு என்று மூன்று பங்கை அரசாங்கம் எழுதுகிறது. நான்காவதாகக் கடைக்காரர் பங்கு ஒன்று எழுதாமல் நிற்கிறது. மானியம் எத்தனை சதவீதம் என்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அது எப்போது வருகிறது என்பதுதான் சிறு விவசாயிக்கும் நமக்கும் பெரிய கேள்வி.

மற்ற நாட்டில் என்ன செய்தார்கள்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1930களில் பெரும் புழுதிப் புயல்கள் அடித்து, உழுத நிலத்தின் மேல்மண் பறந்துபோயிற்று. 1935இல் அந்நாட்டு அரசு மண் பாதுகாப்புக்கென்று சட்டம் இயற்றித் தனித்துறையே அமைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து, மண்ணைக் காக்கும் வேலை செய்யும் விவசாயிகளின் செலவில் பங்கேற்கத் தொடங்கியது. 1996இல் அதற்குப் பதிலாக வந்த திட்டத்தில் பொதுவாக 75 சதவீதம் வரை அரசு தரலாம். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் இந்த வரம்பு பின்னாளில் 90 சதவீதமாக உயர்ந்தது. அங்கேயும் வேலையை முடித்த பிறகே பணம் என்பதுதான் வழக்கம். வசதி குறைந்தவர்களால் முதலில் பணம் புரட்ட முடியவில்லை என்று கண்டு, 2014ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில், பொருள் வாங்குவதற்காகப் பாதித் தொகை வரை முன்பணமாகத் தர வழி செய்தார்கள்.

பணக்கார நாட்டுச் சிறு விவசாயிக்கே முன்பணம் தேவைப்பட்டதென்றால், கம்மாபுரத்தில் இரண்டு ஏக்கர் கடலை போடுகிறவருக்குத் தேவைப்படாதா? நம் மாநிலத்திலும் பின்னேற்பு மானியங்களில் ஒரு பகுதியையாவது முன்னதாக விடுவிக்க வேண்டும் என்று வணிகர் சங்கங்களும் குரல் கொடுக்கலாம். இது விவசாயிக்காகக் கேட்பது மட்டுமல்ல, நம் பேரேட்டுக்காகவும் கேட்பதுதான்.

பட்டியலில் வராதவர்கள்

மானியம் கேட்பவர் சிட்டா, அடங்கல், நில வரைபடம், வட்டாட்சியர் வழங்கும் சிறு, குறு விவசாயி சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாம் வைத்திருக்க வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிற குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அண்ணன் தம்பி நால்வரும் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு பயிர் செய்வார்கள். அலுவலகத்திலே போய் நின்றால் நால்வருக்கும் காகிதம் இருக்காது.

அதைவிட மோசம் குத்தகைக்காரர் நிலை. பதிவு செய்யாத குத்தகையில் உழுபவர், தான் பயிர் செய்யும் வயலுக்குச் சொட்டுநீர் கேட்க முடியாது. நிலக்காரரோ வெளியூரில் இருப்பார், அவருக்கு அக்கறை இராது. ஆண்டுக்கு ஆண்டு கைமாறும் குத்தகையில் எவரும் மண்ணுக்குப் பசுந்தாள் போட்டு வளர்க்கமாட்டார். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்ற பழமொழி குத்தகைக்காரருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். நம்மிடம் கடன் வாங்குகிறவர்களில் இவர்களும் இருக்கிறார்கள் என்பதையும், இவர்களுக்கு மானியம் என்ற பின்பலம் இல்லை என்பதையும் மனத்தில் வைத்துத்தான் நாம் கடன் அளவை முடிவு செய்ய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பில். மோட்டார், குழாய், விதை விற்கும் உறுப்பினர்கள் முறையான ஜி.எஸ்.டி. பில்லை, மானியம் கேட்பவரின் பெயரிலேயே, தேதியும் பொருளின் விவரமும் சரியாக எழுதிக் கொடுக்கவேண்டும். அப்பா பெயரில் நிலம், பிள்ளை பெயரில் பில் என்றால் விண்ணப்பம் திரும்பிவிடும். பதிவு இல்லாத சிறு கடையின் துண்டுச் சீட்டு இதற்கு உதவாது. அப்படிப்பட்ட கடைக்காரர், "மானியத்துக்கு என்றால் பதிவுள்ள கடையில் வாங்குங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. இன்று ஒரு விற்பனை போனாலும் நாளைக்கு வாடிக்கை நிற்கும்.

இரண்டாவது, பொருள் இல்லாமல் பில் தரலாகாது. "சாமான் வேண்டாம், பில் மட்டும் போடுங்கள்" என்று சில தரகர்கள் கேட்டு வருவதுண்டு. விலையை ஏற்றிப் போடச் சொல்வதும் உண்டு. பொருள் கைமாறாமல் பில் எழுதுவது ஜி.எஸ்.டி. சட்டப்படி குற்றம். தரகர் கமிஷனோடு போய்விடுவார், விசாரணை வரும்போது பில்லில் இருப்பது நம் கடையின் பெயர். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த வயலுக்குத் தண்ணீர் வராமல் போவது.

மூன்றாவது, தகவல். விவசாயி அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை போனால் அதிகம். நம் கடைக்கு நாள்தோறும் வருகிறார். 'உழவன்' செயலியில் பதிவு செய்யலாம் என்பதையும், சொட்டுநீர்க் குழாய்க்கு ஒருமுறை மானியம் வாங்கியவர் ஏழு ஆண்டு கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்பதையும் எடைபோட்டுக்கொண்டே நாம் சொல்லிவிடலாம். விருத்தாசலத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. 'வி.ஆர்.ஐ.' என்று பெயர் தொடங்கும் நிலக்கடலை, எள், முந்திரி ரகங்கள் அங்கே பிறந்தவைதாம். கையெட்டும் தூரத்தில் இவ்வளவு இருந்தும், கேட்கத் தெரியாததால் இழப்பவர்கள் உண்டு.

நான்காவது, உதிரிப் பொருள். சொட்டுநீர்க் குழாயை அணிலும் எலியும் கடிக்கும். வடிகட்டியில் மண் அடைக்கும். வாஷர் ஒன்று போனாலும் அடுத்த பட்டத்தில் அந்தக் குழாய் சுருட்டி வேலியோரம் போடப்படும். அரசு போட்ட பணம் முழுவதும் அங்கேயே மக்கிப்போகும். இணைப்பான், மூடி, வாஷர், வடிகட்டி வலை போன்ற சின்னச் சாமான்களை ஊரிலேயே வைத்து விற்பவருக்கு லாபம் சிறியதுதான், ஆனால் நிலையானது. பத்து ரூபாய்ச் சாமானுக்காக விவசாயி விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறினால், அன்றைய மளிகையையும் அங்கேயே வாங்கிக்கொண்டு திரும்புவார்.

ஐந்தாவது, கடனை முறைப்படுத்துவது. மானியத்தை நம்பிக் கடன் கொடுப்பவர்கள் அந்தக் கணக்கை வீட்டுச் சாமான் பற்றோடு கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதுவது நல்லது. எதற்காக, எவ்வளவு, எப்போது திருப்புவது என்று இருவரும் அறிய எழுதிக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. மானியப் பணம் வந்ததும் முழுவதையும் பழைய பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் நாம் யோசிக்க வேண்டும். குழாய்க்காக வந்த பணத்தை அரிசிக் கடனுக்கு எடுத்துக்கொண்டால், மோட்டாருக்காக வாங்கிய கைமாற்று அப்படியே நிற்கும். அதற்கு வட்டி ஏறும். அந்த வட்டியைக் கட்டவும் அவர் நம் கடையில்தான் பற்றை நீட்டுவார். அதைப் போலவே, கடன் கொடுத்த காரணத்தால் விளைச்சலை நமக்கே குறைந்த விலைக்குப் போட்டுவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் நம் வாடிக்கையை நாமே வறுமையில் தள்ளுவதாகும். கமிட்டியில் நல்ல விலைக்கு விற்றவர்தான் பாக்கியை ஒரே தவணையில் தீர்ப்பார்.

லாபம் எங்கே இருக்கிறது?

"இத்தனையும் செய்தால் நமக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பது வியாபாரியின் உரிமை. மழையை மட்டும் நம்பும் வயலின் சொந்தக்காரர் ஒரு வருடம் கைநிறைய வாங்குவார், மறு வருடம் கடைப்பக்கமே வரக் கூசுவார். குறைந்த நீரில் பயிரைக் கரைசேர்க்கத் தெரிந்தவர் ஒவ்வொரு தைக்கும் கணக்கு முடிப்பார். முதலாமவரிடம் பெருத்த விற்பனை இருக்கலாம், வாராக் கடனும் இருக்கும். இரண்டாமவரிடம் மிதமான விற்பனையும் நிச்சயமான வசூலும் இருக்கும். சிறு முதலில் கடை நடத்துகிற நமக்கு எது வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மானியம் அரசாங்கத்தின் கொடை அன்று. நம் கடைகள் கட்டும் வரியும் அதில் இருக்கிறது, நாம் கொடுத்து நிற்கும் கடனும் அதில் இருக்கிறது. போட்ட முதல் எங்கே போயிற்று என்று விசாரிக்காத வியாபாரி உண்டா? இந்தத் தை மாதம் கணக்கு முடிக்கும்போது, கடன் நோட்டில் உள்ள ஒவ்வொரு விவசாயியிடமும் இரண்டு கேள்வி கேட்டு வைப்போம்: உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா? இவ்விரண்டுக்கும் கிடைக்கும் பதிலை வைத்தே, அவருக்கு எந்தத் திட்டத்தைச் சொல்வது, எவ்வளவு கடன் நிறுத்துவது என்பதை நாம் முடிவு செய்துகொள்ளலாம்.